நித்திரை கொள்ளும் போனும் நாலு எண்ணிய மச்சானும்

சென்ற மாதம் கீரிமலைக் கேணியில் மூன்றாவது முறை முங்கி எழும்பியபோது என் மூக்குக்கு நேரே ஒரு கைபேசி நின்றது. நீட்டியவர் படிக்கட்டில் குந்தியிருந்தார். முன்பின் தெரியாத ஆள்.

"சேர், நீங்கள்தானே முந்திப் போன் கொம்பனியிலை இருந்தனீங்கள்? இது ஸ்கிரீன் அணைஞ்சால் ஒரு மெசேச்சும் வராது. கையிலை எடுத்தால் எல்லாம் ஒண்டாய் வந்து விழுது."

"தம்பி, நான் குளிச்சு முடியட்டும்."

"ஓம் ஓம், ஆறுதலாய்க் குளியுங்கோ. நான் நிக்கிறன்."

சொன்னபடியே நின்றார். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஊர் மட்டும் என்னை விடுவதாக இல்லை. ஈர வேட்டியோடு படியில் இருந்து அந்தப் போனைப் பார்த்தேன். மின்கலத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அது தன் பாட்டில் பாதிச் செயலிகளைப் பூட்டி வைத்திருந்தது. பூட்டைத் திறந்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. அந்த மனுசனின் முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்த்து நானும் சந்தோசப்பட்டேன். சும்மா சொல்லவில்லை, இந்தச் சந்தோசத்துக்காகத்தான் நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அன்று பின்னேரம் இதைச் சுதனிடம் சொல்லிச் சிரித்தேன். சுதன் என் பழைய அலுவலகத்தில் இப்போதும் வேலை செய்பவன். "அண்ணை, இப்ப முறைப்பாடு எல்லாம் மிசின்தான் கேக்குது. ஒண்டை அமத்து, ரெண்டை அமத்து எண்டு சொல்லும். வீடுகளுக்கு ஒருத்தரும் போறேல்லை. உந்தப் பத்து எண்ணின கதையை ஒருக்கா எழுதித் தாங்கோ. புதுசாய் வந்த ஆக்கள் நம்பீனம் இல்லை" என்றான்.

நம்பாதவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பத்தில் ஏறினேன், கம்பி இழுத்தேன், இரண்டு தரம் விழுந்தேன். பிறகு சண்டை வந்து, கம்பியும் இல்லை, கம்பமும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்க எங்கள் சனம் தொலைபேசிக் கடைகளில் வரிசையில் நின்ற காலம் அது. பின்னர் கைபேசி வந்தது. கொழும்பில் ஆறு கிழமைப் பயிற்சி தந்து, கையில் ஒரு அளவுக் கருவியும் தந்து, யாழ்ப்பாணத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். "சிக்னல் இல்லை" என்று யாராவது சொன்னால் கொம்பனியின் வான் வண்டியில் போய் அளந்து பார்த்து வருவது என் வேலை. பத்து வருடம் அப்படியே ஓடியது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பைக் கெடுக்க வந்தவர் றெஜினா மிஸ்.

குருநகர்ப் பிள்ளை. தகப்பன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். படித்து எஞ்சினியராகி எங்கள் பகுதிக்குத் தலைமையாக வந்தபோது அவருக்கு நாற்பது ஆகவில்லை, எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மனதுக்குள் புகைந்தேன் என்பதை இப்போது வெட்கமில்லாமல் சொல்லலாம். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். வந்த முதல் கிழமை நான் எழுதிய ஆறு முறைப்பாட்டுத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். ஆறிலும் நான் ஒரே வசனத்தை எழுதியிருந்தேன்: குறை எதுவும் காணப்படவில்லை.

"கணேஸ் அண்ணை, அப்ப அந்த ஆறு பேரும் பொய் சொல்ல எண்டோ பஸ் ஏறி வந்தவை?"

"இல்லை மிஸ். கவுண்டரிலை வைச்சுப் பாக்கேக்கை வடிவாய் வேலை செய்தது."

"இனி இந்த வசனத்தை நீங்கள் எழுதக் கூடாது. காணேல்லை எண்டால் இன்னும் பாக்கேல்லை எண்டு அர்த்தம்."

அதில் ஒரு தாள் தென்மராட்சியில் உள்ள ஒரு ரியூசன் வாத்தியாருடையது. மகள் நோர்வேயிலிருந்து இணையத்தில் எடுக்கும் அழைப்பு ஒன்றும் வருவதில்லை என்பது முறைப்பாடு. நான் மூன்று தரம் போயிருந்தேன். போனதும் போனைக் கையில் எடுப்பேன், சுதனை அழைக்கச் சொல்லுவேன், அது பளிச்சென்று அடிக்கும். வைஃபை பெட்டியை மாற்றினேன். அடுத்த தரம் அதை அலுமாரிக்கு மேல் ஏற்றினேன். அதற்கடுத்த தரம் இறக்கினேன். வாத்தியார் பொறுமையான மனுசன், ஒவ்வொரு தரமும் தேத்தண்ணி தந்தார்.

நாலாம் தரம் றெஜினா மிஸ்சும் வந்தார். நான் வழக்கம்போலப் போனை எடுக்கக் கை நீட்டினேன்.

"தொடாதேங்கோ" என்றார். கதிரையில் இருந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். அரைமணித்தியாலம் அசையவில்லை. நானும் வாத்தியாரும் வாத்தியாரின் பெண்சாதியும் மேசையில் கிடந்த போனைச் சுற்றியிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சுதனுக்குச் சைகை காட்டினார். சுதன் வெளியே வானிலிருந்து இணையத்தில் அழைத்தான். போன் அடிக்கவே இல்லை. மிஸ் சிரித்தார். ஒரு பழுதைக் கண்டு இவ்வளவு சந்தோசப்பட்ட ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் வானில் வைத்துச் சொன்னார்: "நாங்கள் எல்லாரும் என்ன செய்யிறம்? எழுப்பிப்போட்டு, நித்திரை எப்பிடி எண்டு கேக்கிறம். போன் நித்திரைக்குப் போனால் முதல் ஸ்கிரீன் படுக்கும். பேந்து மூளை படுக்கும். காது மட்டும் படுக்காது, ஆனால் முழு நேரமும் கேட்டுக்கொண்டும் இராது. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்காக் கண்ணை முழிச்சு 'ஆரும் கூப்பிட்டதோ?' எண்டு டவரைக் கேக்கும். இல்லையெண்டால் திரும்பப் படுத்திடும். அப்பிடிப் படுத்தெழும்புறதாலைதான் பற்றரிச் சார்ஜ் ஒரு நாள் நிக்குது. வாத்தியாற்றை போன் படுக்கேக்கை வைஃபையை முழுசாய்ப் பூட்டிப்போட்டுப் படுக்குது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். நான் வைஃபை பெட்டியை அலுமாரியில் ஏற்றி இறக்கியது நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் புகைச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. இப்படி ஒரு ஆளிடம் இன்னும் பத்து வருடம் வேலை செய்யலாம் என்று தோன்றியது.

அதன் பிறகு எங்களுக்கு ஒரு முறை வந்தது. போன் வழமையாக எங்கே படுக்குமோ அங்கேயே படுக்க வேண்டும். சாமியறை என்றால் சாமியறை, தலையணைக்குக் கீழ் என்றால் அங்கே. உறை போட்டிருந்தால் உறையோடு. அரைமணித்தியாலம் ஒருவரும் தொடக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. பிறகு வேறோர் இடத்திலிருந்து அழைப்பு. பட்டனை அமத்தியதிலிருந்து மணி அடிக்கும் வரை எத்தனை செக்கன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சதுரக் கோடு போட்ட கொப்பியில் எழுத வேண்டும். ஒரு தரம் அடித்தால் போன் முழித்துவிடும். அதனால் இரண்டாம் தரத்துக்கு இன்னும் அரைமணித்தியாலம். மூன்று தரம் பார்க்காமல் எழும்பக் கூடாது. ஆக ஒரு வீட்டுக்கு ஒரு காலை முழுக்கப் போய்விடும். சும்மா இருக்கிற மனுசரை எங்கள் சனம் சும்மா விடுமா? தேத்தண்ணி, வடை, வாழைப்பழம், பிறகு புட்டு. என் வயிறு முன்னுக்கு வந்ததற்கு முழுக் காரணம் அந்தக் கொப்பிதான்.

இனி அந்தக் கதை.

ஒரு திங்கட்கிழமை, கவுண்டர் திறந்து பத்து நிமிடமும் ஆகவில்லை, அரியாலையிலிருந்து பூமணி அக்கா வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கைப்பைக்குள்ளிருந்து துவாயில் சுற்றிய ஒரு புதுப் போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி, இதுக்கு மிஸ்கோல் வருகுதில்லை."

சுதன் சிரித்துவிட்டான். நானும் கொஞ்சம் சிரித்தேன். வராத மிஸ்கோலுக்கு முறைப்பாடு சொல்லி வந்தவர் எங்கள் அலுவலகச் சரித்திரத்தில் அவர் ஒருவர்தான். கொம்பனிக்கு ஐந்து சதம் வருமானமில்லாத விசயம்.

"சிரியுங்கோ சிரியுங்கோ. என்ரை பிள்ளையின்ரை கலியாணம் நிக்கப் போகுது, உங்களுக்குச் சிரிப்பு" என்றார் அக்கா. பின்னால் நின்ற றெஜினா மிஸ் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ அம்மா, முதல்லை இருந்து சொல்லுங்கோ" என்றார்.

அக்கா சொன்னது இதுதான். அவருடைய அண்ணர் கந்தசாமி வல்வெட்டித்துறையில் தனியே இருக்கிறார். அக்காவின் புருசன் பொன்னுத்துரை. மச்சான்மார் இருவரும் சின்ன வயதிலிருந்து ஓருயிர். ஊரில் எந்தக் கலியாண வீட்டிலும் 304 என்ற சீட்டாட்டம் விளையாட இருந்தால் இருவரும் ஒரே கட்சி. 304 தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ஆட்டத்தில் ராசாவும் ராணியும் சும்மா, ஜாக்தான் எல்லாவற்றுக்கும் மேல்; அதிலும் துரும்பு, அதாவது மற்றச் சீட்டுகளை வெட்டும் சாதி, ஜாக் என்றால் அதை வெல்ல ஒன்றுமில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டில், கடைசிக் கையில், கந்தசாமி துரும்பு ஜாக்கைக் கையில் வைத்துக்கொண்டே இறக்காமல் தன்னைத் தோற்கடித்தார் என்று பொன்னுத்துரை சொன்னார். ஜாக் தன்னிடம் இருக்கவே இல்லை என்று கந்தசாமி சொன்னார். சீட்டுகளை ஆரோ கலைத்துவிட்டார்கள். அன்று நின்ற கதைதான், பிறகு ஒரு சொல் இல்லை.

"நானும் ரெண்டு பேரையும் கும்பிட்டுப் பாத்தன், திட்டிப் பாத்தன், சரிவரேல்லை. கடைசியாய்ச் சொன்னன், கதைக்காட்டில் போங்கோ, விடிய ஆறு மணிக்கு அண்ணை இவரின்ரை போனுக்கு ஒரு ரிங் குடுத்து வெட்ட வேணும். இவர் திருப்பி ஒரு ரிங் குடுக்க வேணும். அவர் தனிய இருக்கிறவர், எழும்பினவர் எண்டு எங்களுக்குத் தெரியும்."

"உங்கடை போனுக்கு அடிக்கலாமே அம்மா?" என்றார் மிஸ்.

"எனக்கு அடிச்சால் அது எனக்கும் அண்ணைக்கும் உள்ள கதை. இவருக்கு அடிச்சால்தான் ரெண்டு பேருக்கும் இடையிலை ஒரு நூல் எண்டாலும் இருக்கும்."

ஆறு வருடம் ஒரு நாள் தப்பாமல் அந்த நூல் இருந்தது. பிறகு கனடாவிலிருந்து மகன், தங்கச்சியின் கலியாணம் வருகிறதென்று தகப்பனுக்கு ஒரு புதுப் போன் அனுப்பினான். அதோடு வந்தது வினை. காலையில் ரிங் வரவில்லை. கந்தசாமி, தான் அடித்தேன் என்கிறார். பொன்னுத்துரை, போன் முன்னால்தான் கிடந்தது, வரவில்லை என்கிறார். போனின் பதிவிலும் இல்லை. ரிங் வராததால் இவர் திருப்பிக் கொடுக்கவில்லை. திருப்பி வராததால் அவருக்குக் கோபம்.

"இவர் சொல்லுறார், ஜாக்கை ஒளிச்சவன் ரிங்கை ஒளிக்க மாட்டானோ எண்டு. அண்ணை சொல்லுறார், ரிங்கை வாங்கிக்கொண்டே இல்லையெண்டவன்ரை வாசல் நான் மிதிக்க மாட்டன், கலியாணத்துக்கு வரமாட்டன் எண்டு. தாய்மாமன் முன்னுக்கு நிக்காமல் என்ன கலியாணம், சொல்லுங்கோ? இன்னும் பன்ரெண்டு நாள்தான் கிடக்கு."

இப்போது சுதன் சிரிக்கவில்லை.

மிஸ் ஒரு கேள்விதான் கேட்டார். "புதுப் போன் வந்த பிறகு ஒரு நாளும் ரிங் வரேல்லையோ?"

அக்கா யோசித்தார். "ரெண்டு மூண்டு நாள் வந்தது. பிள்ளை விடிய எழும்பி அதிலை கூறைச் சேலை பாத்துக்கொண்டிருந்த நாளுகள்."

மிஸ்சின் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கிவிட்டது. முழித்திருந்த நாளில் வந்தது. படுத்திருந்த நாளில் வரவில்லை. ஆனாலும் ஒரு இடம் இடித்தது. எவ்வளவு ஆழ்ந்த நித்திரையென்றாலும் சாதாரண அழைப்பு போனை எழுப்பத்தான் வேண்டும். அதற்குத்தானே அந்தக் காதை முழிக்க வைத்திருக்கிறது. அன்று கவுண்டரில் அரைமணித்தியாலம் படுக்க வைத்து அழைத்துப் பார்த்தோம், அடித்தது. மூன்று தரம் பார்த்தோம், மூன்று தரமும் அடித்தது. கொப்பியில் ஏழு செக்கன், ஆறு, ஏழு என்று எழுதினேன். பழைய பழக்கத்தில் கை அந்த வசனத்தை எழுதப் போயிற்று. நிறுத்திக்கொண்டேன்.

"போன் இஞ்சை படுக்கிறதில்லை அண்ணை" என்றார் மிஸ். "நான் அரியாலைக்குப் போறன். நீங்கள் வல்வெட்டித்துறைக்குப் போங்கோ. நாளைக்கு விடிய ஆறு மணிக்கு."

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கே கந்தசாமியரின் வீட்டு வாசலில் வானை நிறுத்தினேன். கடற்கரையிலிருந்து நாலு வீடு தள்ளி. மனுசன் எழுபது வயதிலும் தூண் மாதிரி இருந்தார். என் வரவு அவருக்குப் பிடிக்கவில்லை.

"கொம்பனி ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நான் கள்ளன் எண்டு நிரூபிக்கப் போறாளோ தங்கச்சி?"

"இல்லை ஐயா, நீங்கள் அடிக்கிறனீங்கள் எண்டு நிரூபிக்கத்தான் வந்தனான்."

"அப்ப வாரும், இரும்" என்று கதிரையைக் காட்டினார். சட்டைப் பையிலிருந்து பட்டன் போன் ஒன்றை எடுத்தார். இலக்கங்கள் எல்லாம் தேய்ந்து அழிந்திருந்தன.

சுவர் மணிக்கூடு ஆறு அடித்தது. கந்தசாமியர் எழும்பி நின்று, வேட்டியைச் சரிசெய்து, பட்டனை அமத்தினார். போனைக் காதில் வைக்கவில்லை. கையை நீட்டித் தூரத்தில், சூடான பாத்திரத்தைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு, சத்தமாக எண்ணினார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு."

வெட்டினார். "பாத்தனீர்தானே? அடிச்சாச்சு."

அடுத்த நிமிடம் மிஸ் என்னை அழைத்தார். "கணேஸ் அண்ணை, இஞ்சை அடிக்கேல்லை. போனைப் பாத்தன், பதிவும் இல்லை."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மிஸ், இவர் நாலு எண்ணி வெட்டுறார்!"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய பட்டன் போன்கள் பழைய வலையமைப்பிலேயே குடியிருப்பவை. கூப்பிட்டால் இரண்டு மூன்று செக்கனில் மணி அடிக்கும். புதுப் போன் படுப்பது 4ஜியில். அந்த நாளில் எங்கள் 4ஜி இணையத்துக்கு மட்டும்தான், பேச்சுக்கு இல்லை. ஆகவே கூப்பிடும்போது போன் தன் முறை வரும்வரை படுத்திருந்து, முழித்து, தன் பெயரைக் கேட்டு, 4ஜியை விட்டுப் பழைய வலையமைப்புக்கு இறங்கிப் போய், அங்கிருந்துதான் அழைப்பை வாங்கும். அதற்கு ஆறேழு செக்கன் வேண்டும். அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே கந்தசாமியர் நாலு எண்ணி வெட்டிவிடுகிறார். அழைப்பு போய்ச் சேராததால் போனுக்குத் தெரியாது. பதிவும் இராது. மகள் கூறைச் சேலை பார்த்த நாளில் போன் முழித்திருந்தது. படுத்தெழும்பும் நேரம் மிச்சமாகி, நாலுக்குள் எப்படியோ ஒரு அடி விழுந்துவிட்டது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று செக்கன் இடைவெளியில் ஒரு கலியாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஏன் போனைக் காதிலை வைக்கேல்லை? வைச்சால் மணி போறது கேக்குமே. கேட்ட பிறகு வெட்டலாமே" என்றேன்.

"காதிலை வைச்சால், அவன் தவறி எடுத்துப்போட்டான் எண்டால், அவன்ரை குரல் கேட்டுப்போடுமே!"

"கேட்டால்?"

கந்தசாமியர் கடல் பக்கம் பார்த்தார். "கேட்டால் கதைக்க வேண்டி வரும்."

அந்த நேரம் மிஸ் திரும்ப அழைத்தார். போனிலேயே ஒரு அமைப்பை மாற்றிப் பழைய வலையமைப்பில் படுக்க வைக்கலாம், நாலுக்குள் அடித்துவிடும், இணையம் மட்டும் மெதுவாகும். அல்லது ஐயா பத்து வரை எண்ணலாம். இரண்டில் ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நின்றார். போனைப் பூமணி அக்கா வாங்கியிருந்தார். அடுப்படிக் குசினிக்குள் போய்க் கதைக்கிறார் போல, குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, போனிலை கை வைக்க வேண்டாம் எண்டு மிஸ்ஸிட்டைச் சொல்லிப்போட்டன். அண்ணையைப் பத்து மட்டும் எண்ணப் பண்ணுங்கோ. விளங்குதோ?"

"ஓம் அக்கா" என்றேன். பாதிதான் விளங்கியது.

முறைப்படி அரைமணித்தியாலம் காத்திருந்தோம். கந்தசாமியர் தேத்தண்ணி போட்டுத் தந்தார், பனங்கட்டியும் தந்தார். பத்து வரை எண்ண வேண்டும் என்று மெல்லச் சொன்னேன். மனுசன் துள்ளி எழும்பினார்.

"பத்தோ? விசரே உமக்கு? பத்தெண்டால் அவன் எடுத்துப்போடுவான்."

எனக்கு எங்கிருந்து அந்தப் பொய் வந்ததென்று இன்றும் தெரியாது. "ஐயா, அது புதுப் போன். பட்டன் இல்லை. விரலாலை இழுத்துத்தான் எடுக்க வேணும். பொன்னுத்துரை ஐயாவுக்கு இன்னும் இழுக்கத் தெரியாதாம்."

கந்தசாமியரின் முகத்தில் முதல் தடவை ஒரு சிரிப்பு வந்தது. "தெரியாதோ? அவனுக்குத் தெரியாதுதான். ரேடியோத் திருகவே நான்தான் காட்டிக் குடுத்தனான்."

திரும்ப எழும்பி நின்றார். வேட்டியைச் சரிசெய்தார். அமத்தினார். கையை நீட்டிப் பிடித்தார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு..." நாலில் விரல் பழக்கத்தில் துடித்தது. நான் "அஞ்சு" என்றேன். "அஞ்சு, ஆறு, ஏழு..." போனிலிருந்து மெல்லிதாக மணி போகும் சத்தம் கேட்டது. "எட்டு, ஒம்ப..."

"ஹலோ! ஆர்? ஹலோ!"

நீட்டிய கையிலிருந்து ஒரு ஆண்குரல். கந்தசாமியர் கல்லாய் நின்றார். வெட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவருடைய பெருவிரல் சிவப்புப் பட்டனுக்கு மேல் நின்றது. மறுபக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும்.

கை மெல்ல மெல்ல வளைந்து போனைக் காதுக்குக் கொண்டுபோயிற்று.

"ஜாக் என்னட்டைத்தான் இருந்தது" என்றார் கந்தசாமியர்.

மற்றப் பக்கம் பொன்னுத்துரை என்ன சொன்னார் என்பதை றெஜினா மிஸ் பிறகு சொன்னார். "தெரியும்" என்றாராம்.

"தெரிஞ்சுமோடா ஆறு வரியம் கதைக்கேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"பிழையாய்க் கணக்குப் போட்டிட்டனடா. அவங்கடை துரும்பு எல்லாம் விழுந்திட்டுது எண்டு நினைச்சு ஜாக்கை இறக்காமல் வைச்சிட்டன். எல்லாருக்கும் முன்னாலை வெக்கமாய்ப் போச்சு" என்றார் கந்தசாமியர். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழும்பி முற்றத்துக்கு வந்துவிட்டேன். எனக்கும் கண் கலங்கியிருந்தது. கலங்கியது என்றே எழுதுகிறேன், தூசி விழுந்ததென்று சொல்ல மாட்டேன். முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். நான் வானில் இருந்து மிச்சப் பனங்கட்டியையும் தின்று முடித்தேன்.

அலுவலகத்துக்கு வந்ததும் மிஸ்ஸிடம் கேட்டேன். "பொன்னுத்துரை ஐயாவுக்கு இழுத்து எடுக்கத் தெரியுமோ மிஸ்?"

"அவருக்கு எங்கை தெரியும்? போன் அடிக்க அவர் அதைப் பாத்துக்கொண்டு இருந்தார். அம்மா குசினியிலையிருந்து ஓடிவந்து, இழுத்து, அவரின்ரை காதிலை வைச்சுப் பிடிச்சிட்டா."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நான் கடிகாரத்தைப் பாத்துக்கொண்டிருந்தனான். போன் அடிச்ச பிறகு ஆர் தொட்டாலும் முறைக்குப் பிழையில்லைத்தானே" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று மட்டும் அது கோபத்தில் இல்லை.

முறைப்பாட்டுத் தாளை என்னிடம் தந்தார். குறை என்ற கட்டத்தில் 'நித்திரையிலிருந்து எழும்ப ஏழு செக்கன்' என்று எழுதினேன். எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் 'வாடிக்கையாளரின் மைத்துனர் பத்து வரை எண்ணுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்' என்று எழுதினேன். மிஸ் வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். கொழும்பிலிருந்து அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கலியாணம் வடிவாய் நடந்தது. தாய்மாமன் பட்டு வேட்டியோடு முன்னுக்கு நின்றார். முதல் நாளே எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். பந்தலுக்குள் பாய் விரித்து 304 தொடங்கியபோது மச்சான்மாரின் கட்சிக்கு எதிராக இருக்க ஒருவரும் துணியவில்லை. நான் இருந்தேன். எனக்குக் கட்சி சேர ஆள் தேடியபோது றெஜினா மிஸ் சேலையைச் செருகிக்கொண்டு வந்து பாயில் இருந்தார். "அப்பாவோடை வள்ளத்திலை விளையாடினது" என்றார். நாலு ஆட்டத்தில் மூன்றை நாங்கள் வென்றோம். தோற்ற இருவரும் ஒருவரை ஒருவர் ஏசிய ஏச்சில் பந்தல் அதிர்ந்தது. பூமணி அக்கா பலகாரத் தட்டோடு நின்று, அந்த ஏச்சைப் பாட்டுக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

றெஜினா மிஸ் பிறகு வேறிடத்துக்கு மாறிப் போனார். நான் ஓய்வு பெறும் வரை அவருடைய முறையை விடவில்லை. இப்போது அந்த முறைக்கு அவ்வளவு வேலை இல்லை என்பதும் உண்மை. பேச்சும் 4ஜியிலேயே வந்துவிட்டது. போன் இறங்கிப் போகத் தேவையில்லை. படுத்த இடத்திலேயே முழித்து, இரண்டு மூன்று செக்கனில் அடித்துவிடும். சுதன் இதைச் சொன்னபோது எனக்கு ஒரு யோசனை வந்தது: அப்படியென்றால் ஆறு மணி அழைப்பில் அந்தப் பத்து என்ன ஆகியிருக்கும்? போன கிழமை விடிய அரியாலைக்குப் போனேன்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பொன்னுத்துரையர் கதிரையில் இருந்தார். போன் யன்னலோரம் ரேடியோவுக்குப் பக்கத்தில் வழமையான இடத்தில் படுத்திருந்தது. பழைய பழக்கம், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறுக்கு அது அடித்தது. ஐயா விரலால் அழகாக இழுத்து எடுத்தார், இப்போது அவருக்குத் தெரியும். ஆனால் ஹலோ சொல்லவில்லை. என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டி, ஸ்பீக்கரைப் போட்டார்.

"...மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு..."

கையை நீட்டிப் பிடித்தபடி நிற்கிற மனுசனை என்னால் அங்கிருந்தே பார்க்க முடிந்தது.

"எடுத்தாச்சு எண்டு சொல்லுங்கோவன் ஐயா" என்றேன் மெதுவாக.

"சும்மா இரும்" என்றார் பொன்னுத்துரையர். "அவன் எண்ணி முடிக்கட்டும்."

"...எட்டு, ஒம்பது, பத்து."

"சொல்லடா மச்சான்" என்றார்.